டிரான்ஸ்பார்மர் கைப்பிடியில் ஒரு துண்டு

போன செவ்வாய்க்கிழமை காலை பாபநாசத்திலிருந்து உள்ளே பிரியும் ஒரு சாலையில் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு வழக்கமானதுதான்: பிள்ளைகள் ஏன் கைத்தொழில் படிக்க வேண்டும். இந்தத் தலைப்பில் என்னைத் தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் நாற்பது நிமிடம் பேசுவேன். என் வீட்டில் இதை யாரும் பாராட்டாகச் சொல்வதில்லை.

குடமுருட்டிப் பாலம் தாண்டியதும் ஒரு வாடை மூக்கில் ஏறியது. மோட்டாரில் காயில் எரிந்த வாடை. உங்களுக்குப் பழக்கமிருக்குமோ என்னவோ, மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிக்கட்டைத்தான் காயில் என்பார்கள். அது கருகினால் வார்னிஷும் செம்பும் சேர்ந்து புகைந்து, தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆற்றில் தண்ணீர் வராத வருஷங்களில், குறுவை முடியும்வரை இந்தப் பக்கம் முழுக்க இந்த வாடைதான் அடிக்கும். எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வண்டியை நிறுத்தினேன்.

சாலையோரம் ஒரு டிரான்ஸ்பார்மர் நின்றது. அதன் கம்பத்தை ஒட்டி மேலிருந்து கீழே ஒரு இரும்புக் குழாய் வரும், அதன் நுனியில் ஒரு கைப்பிடி இருக்கும். மேலே தூக்கினால் கரண்ட் ஓடும், கீழே இறக்கினால் நின்றுவிடும். அன்றைக்குக் கைப்பிடி கீழே இறங்கியிருந்தது. அப்படியென்றால் யாரோ ஒருவர் கரண்ட்டை நிறுத்திவிட்டுப் போய், எங்கோ ஒரு கம்பியில் கை வைத்திருக்கிறார். எங்கே என்று தெரியவில்லை. சுற்றிலும் நாற்று நட்ட வயல், அங்கங்கே மோட்டார் கொட்டகை, மேற்கே கருத்துக்கொண்டு வரும் வானம். கைப்பிடியில் பூட்டும் இல்லை, துண்டும் இல்லை.

பூட்டு சரி, துண்டு எதற்கு என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து ஊர்களில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. கம்பி அறுந்தாலும் பீஸ் போனாலும் லைன்மேன்தான் வந்து பார்க்க வேண்டும், மற்றவர்கள் தொடக்கூடாது, அதுதான் சட்டம். ஆனால் ஒரே ஆள் எத்தனை ஊருக்கு ஓடுவார்? நாற்று காய்ந்துகொண்டிருக்கும்போது விவசாயிக்குச் சட்டம் நினைவுக்கு வராது. கைப்பிடியை அவரே இறக்குவார், தோளில் கிடக்கும் துண்டை எடுத்து அதில் தொங்கப் போடுவார், வயலுக்குள் போய்க் கம்பியைத் தொடுவார். துண்டு தொங்கினால் ஆள் லைனில் இருக்கிறார் என்று அர்த்தம். எவ்வளவு அவசரமாக இருந்தாலும் இன்னொருவர் கைப்பிடியைத் தூக்க மாட்டார். எந்தத் துண்டு யாருடையது என்பதும் ஊருக்கே தெரியும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "இன்னும் எவ்வளவு நேரமாவும்?" என்று வரப்பிலிருந்தே கத்திக் கேட்பார்கள்.

அன்றைக்கு நானும் கத்திப் பார்த்தேன். யார் பெயரையும் சொல்லிக் கூப்பிட வழியில்லை. "யாருங்க லைன்ல இருக்கிறது?" என்று நாலு பக்கமும் குரல் கொடுத்தேன். பதில் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது, பிள்ளைகள் உட்கார்ந்துவிட்டார்களாம். பத்து நிமிடம் என்று சொல்லிவிட்டுக் கைப்பிடிக்குப் பக்கத்திலேயே நின்றேன். அந்த இடத்தை விட்டு என்னால் நகர முடியவில்லை, பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்கு ஒரு கதை இருக்கிறது. அதை அன்றுவரை நான் யாரிடமும் ஒழுங்காகச் சொன்னதில்லை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கும்பகோணத்தில் ஒரு தனியார் தொழிற்பயிற்சி நிலையத்தில் வேலை. மாணவர் சேர்க்கை ஒருங்கிணைப்பாளர் என்று விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்திருந்தார்கள், செய்ததெல்லாம் ஊர் ஊராகப் போய் ஆள் பிடிப்பது. பரீட்சை முடிவு வந்த மறுநாளே ஒரு கட்டு நோட்டீஸை டிவிஎஸ் பிப்டியின் முன்னால் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். எலக்ட்ரீஷியன், வெல்டர், பிட்டர், டீசல் மெக்கானிக். நான் படித்தது பி.ஏ. வரலாறு. என் வாடகை வீட்டில் பீஸ் போனால் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் கூப்பிடுவேன். ஆனால் மைக் கையில் கிடைத்துவிட்டால், பிறந்ததிலிருந்து ஸ்பானர் பிடித்தவன் மாதிரி பேசுவேன்.

ராஜகிரி பக்கம் ஒரு டீக்கடையில் என் பேச்சை ரசித்துக் கேட்கும் பாய் ஒருவர் இருந்தார். அவருடைய மகன்கள் இரண்டு பேரும் வெல்டர்கள், துபாயில் இருந்தார்கள். அவர்களை நான் போகிற இடமெல்லாம் உதாரணமாகச் சொல்வேன். ஒருநாள் டீயை ஆற்றிக்கொண்டே, "தம்பி, கைய நீட்டுங்க" என்றார்.

"எதுக்கு பாய்?"

"நீட்டுங்க, சொல்றேன்."

நீட்டினேன். உள்ளங்கையைத் தடவிப் பார்த்துவிட்டு அவரே மூடிவிட்டார். "நீங்க பேசுறது அம்புட்டும் சரி. புள்ளைங்க கட்டாயம் தொழில் கத்துக்கணும். ஆனா ஒண்ணு, வேலை நடக்குற எடத்துல நீங்க எதையும் தொட்டுடாதீங்க."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆபீஸில் போய் அதையே ஜோக்காகச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தேன். இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது, அதைத் தாண்டும்போதெல்லாம் என் கை தானாக மூடிக்கொள்கிறது.

அந்த வருஷம்தான் கலியபெருமாள் வீட்டுக்குப் போனேன். ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்திருந்தவர். ஒரே மகள் தமிழரசி, வீட்டில் அரசி என்று கூப்பிடுவார்கள். பன்னிரண்டாவதில் நல்ல மதிப்பெண். எலக்ட்ரீஷியன் படிக்க வேண்டும் என்று அவளே நோட்டீஸில் இருந்த நம்பருக்குப் போன் செய்திருந்தாள். என் அனுபவத்தில் ஒரு பெண் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"பொம்பளப் புள்ள போஸ்ட்டுல ஏறுனா ஊரு சிரிக்காதா தம்பி?" என்றார் கலியபெருமாள்.

தண்ணீர்ச் சொம்போடு வந்த அரசி அதை என் முன்னால் வைத்துவிட்டு அப்பாவிடம் திரும்பினாள். "நீங்க ஏறுறப்ப மட்டும் ஊரு என்னா பண்ணுது? நீங்க துண்ட மாட்டிட்டு போனா, திரும்பி வர்ற வரைக்கும் அம்மா ஒரு வாய் சோறு உங்கறது இல்ல. அது தெரியுமா உங்களுக்கு?"

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுவிட்டது. அந்தப் பெண்ணுக்கு வேலை, சம்பளம், துபாய் எதுவும் கணக்கில் இல்லை, அப்பா கரண்ட்டில் செத்துவிடக்கூடாது என்பதற்காகவே படிக்கக் கேட்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் ஒரு ஆள் பிடிப்பவன் என்ன செய்வானோ அதைச் செய்தேன்.

"அரசி படிச்சுட்டான்னா உங்களுக்கு ஒண்ணும் ஆவாதுங்க. அதுக்கு நான் பொறுப்பு" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிட்டது பாருங்கள். மறுவாரம் அவள் சேர்ந்துவிட்டாள்.

முதல் வருஷம் முடியும் சமயம். அடுத்த சேர்க்கைக்கான நோட்டீஸில் ஒரு பெண்ணின் படம் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று எங்கள் முதல்வருக்குத் தோன்றியது. அரசி விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தாள். கேமராவோடு நான் போய் இறங்கியபோது வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, ஒரு இலைகூட அசையவில்லை. டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்திலேயே அவள் நின்றிருந்தாள், காக்கிச் சீருடை, தோளில் ஒரு ரெக்சின் பை. "அப்பா அந்தாண்ட ஜாயின்ட் போடுறாங்க சார்" என்று கை காட்டினாள். இரண்டு வயல் தள்ளி ஒரு கம்பத்தில் ஏணி சாய்த்து, கலியபெருமாள் மேலே ஏறிக்கொண்டிருந்தார்.

கைப்பிடியில் அவருடைய துண்டு தொங்கியது. வெள்ளையில் பச்சைக் கரை, கரையோரம் மஞ்சள் கறை, வியர்வையில் மொடமொடவென்று காய்ந்துபோனது. கேமராவில் பார்த்தேன். அரசி கம்பீரமாகத்தான் நின்றாள், பின்னால் டிரான்ஸ்பார்மரும் நன்றாக விழுந்தது. அந்தத் துண்டு ஒன்றுதான் படத்தைக் கெடுத்தது. அவளை வரப்பில் நாலடி தள்ளி வயலைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னேன். அவள் திரும்பினாள். நான் துண்டை எடுத்து நான்காக மடித்து என் வண்டி சீட்டில் வைத்தேன். அழகாக மடித்தேன் என்று எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. ஆறு படம் எடுத்தேன், துண்டைத் திரும்பப் போட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

இருவரும் வண்டி நிழலில் குனிந்து படம் பார்த்துக்கொண்டிருந்தபோது கோவிந்தராசு வந்தார். பக்கத்து வயல்காரர், கலியபெருமாளுக்குச் சேக்காளி, சாதுவான மனிதர். அவருடைய நாற்றங்கால் காய்ந்துகொண்டிருந்தது, மோட்டார் ஓடாததால் பார்க்க வந்திருக்கிறார். நேராகக் கைப்பிடியிடம் போனார், துண்டு இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. தூக்கிவிட்டார்.

மேலே டங்கென்று ஒரு சத்தம். அதற்குப் பின்னால் டிரான்ஸ்பார்மர் உறும ஆரம்பித்தது. அந்த உறுமல் இன்றைக்கும் எனக்குக் கேட்கும். ஏணி மேல் கலியபெருமாள் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார்.

அரசி நிமிர்ந்தாள். கைப்பிடியைப் பார்த்தாள், என் வண்டி சீட்டைப் பார்த்தாள், அதற்கப்புறம்தான் அப்பாவைப் பார்த்தாள். கோவிந்தராசுவும் அதே சமயம் ஏணியைப் பார்த்துவிட்டார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, துண்டு இல்லியேம்மா... துண்டு இல்லியே..." என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

கலியபெருமாள் முறுக்கிக்கொண்டே இருந்தார். ஒன்றும் ஆகவில்லை.

அரசி தோளில் இருந்த பையைத் திறந்தாள். உள்ளே மூன்று பீஸ் கட்டைகள் இருந்தன. பீங்கானில் செய்த பிடி, அதில் கம்பி முறுக்கியிருக்கும். டிரான்ஸ்பார்மரிலிருந்து அதைப் பிடுங்கிவிட்டால் கைப்பிடியைத் தூக்கினாலும் வயலுக்குப் போகும் கம்பியில் கரண்ட் ஏறாது. நிறுத்திய ஆளே அதைக் கழற்றித் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்களுக்கு முதல் வார வகுப்புப் பாடமாம். அப்பாவிடம் சொன்னால், ஊரையே நம்பமாட்டேன் என்கிறாளா என்று கோபித்துக்கொள்வார் என்று, அவர் வயலுக்குள் இறங்கியதும் ரகசியமாகப் பிடுங்கி வைத்திருக்கிறாள்.

கைப்பிடியை அவளே இறக்கினாள். சீட்டிலிருந்த துண்டை எடுத்து உதறி, மறுபடி அதே இடத்தில் தொங்கவிட்டாள். அரை மணி நேரம் கழித்துக் கலியபெருமாள் வந்தார், துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், "படம் நல்லா வந்துச்சா தம்பி?" என்று கேட்டார். நாங்கள் மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை.

சாலை வரைக்கும் அரசி கூட வந்தாள். எத்தனை தடவை மிதித்தும் எனக்கு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. அவளே பெடலை மிதித்துக் கொடுத்தாள். "சார், நீங்க ஊர் ஊரா பேசுறவங்க. இத சொல்லாம இருக்க மாட்டீங்க. சொன்னா முழுசா சொல்லுங்க" என்றாள்.

அவள் கணித்தது சரி. ஒரு மாதம்கூட என்னால் அடக்க முடியவில்லை. ஆனால் முழுசாகச் சொல்லவில்லை. என் கதையில் ஒரு விவசாயி கைப்பிடியில் துண்டைப் போட்டார், துண்டு காற்றில் பறந்துவிட்டது, தெரியாமல் ஒருவர் கைப்பிடியைத் தூக்கிவிட்டார், தொழில் படித்த மகள் அப்பாவின் உயிரைக் காப்பாற்றினாள். அன்றைக்குக் காற்றே இல்லை என்று முன்னமே சொன்னேன் அல்லவா? ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அது தெரியாது. கதை சொல்லி முடித்து அரசியின் படத்தைக் காட்டினால் கைதட்டல் அடங்க நேரமாகும். நாளாக ஆக எனக்குத் துணிச்சல் வந்து, துண்டைக் கேலி செய்யவும் தொடங்கினேன். துண்டுதான் கரண்ட்டைத் தடுக்குமா, அப்படியென்றால் மேட்டூர் அணைக்கு ஒரு துண்டு போட்டால் தண்ணீரும் நிற்குமா என்று கேட்பேன். பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரிப்பார்கள். கும்பகோணம், பாபநாசம், குத்தாலம் என்று நான் போகாத பள்ளிக்கூடம் இல்லை. அந்தக் கதையைக் கேட்டு எலக்ட்ரீஷியன் படிக்க வந்தவர்கள் நிறையப் பேர், நல்ல நிலைமையிலும் இருக்கிறார்கள். அரசி இப்போது திருச்சியில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். பொங்கலுக்கு நான் அனுப்பும் வாழ்த்துக்கு அவள் பதில் போடுவதில்லை.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். கைப்பிடி பக்கத்தில் நான் நின்று இருபது நிமிடம் ஆகியிருக்கும். முதல் தூறல் விழுந்தது. ஒரு புல்லட் வந்து நின்றது. நாற்பது வயதுக்காரர், கண்ணில் கூலிங் கிளாஸ். இறங்கி நேராகக் கைப்பிடிக்குக் கையைக் கொண்டுபோனார்.

"தூக்காதீங்க!" என்று குறுக்கே போய் நின்றேன். குரல் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது.

"யாரு சார் நீங்க? இன்னும் அரை மணி நேரந்தான் த்ரீ பேஸ் இருக்கும், அதுக்குள்ள தண்ணி கட்டணும்."

"யாரோ லைன்ல இருக்காங்க."

"யாரு இருக்கா? ஒருத்தரையும் காணும். சிங்கப்பூர்லேந்து வந்து ரெண்டு வருசமா இதத்தான பாக்குறேன், அதுவா எறங்கிக்கும்."

"துண்டு ஏதும் இருக்கான்னு பாத்தீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை மேலும் கீழும் பார்த்தார். "துண்டா? எதுக்கு சார் துண்டு?"

அந்த நேரம் பார்த்து தூரத்துக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஒருவர் வெளியே வந்தார். கையில் கட்டிங் பிளேயர், பனியன் முழுக்கக் கரி. "போட்டுறாதீங்க! இன்னும் ஒரு ஜாயின்ட் இருக்கு!" என்று கத்திக்கொண்டே வரப்பில் ஓடிவந்தார். முப்பது வயது இருக்கும். மூன்று பேஸில் ஒன்றில் கரண்ட் வராமல் மோட்டார் காயில் எரிந்துவிட்டதாம், காலையிலிருந்து கம்பியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். புல்லட்காரர் கைப்பிடியை விட்டுத் தள்ளி நின்றார்.

"கைப்பிடியில ஒரு துண்டாவது போட்டுட்டுப் போகக்கூடாதா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "அதெல்லாம் அப்பா காலத்தோட சரி சார். நாங்க படிக்கிறப்ப எங்க ஸ்கூலுக்கு ஒரு சார் வந்து பேசுனாரு. துண்டு என்ன கரண்ட்டத் தடுக்குமான்னு கேட்டு எங்க வயிறு வலிக்கச் சிரிக்க வச்சாரு. அதுலேந்து எங்க செட்டுல யாரும் துண்டு போடுறது இல்ல."

"பீஸ் கட்டைய பிடுங்கி வச்சுக்கச் சொல்லலியா அவரு?"

"சொல்லியிருப்பாரு. அதுக்கெல்லாம் எங்க சார் நேரம்?"

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அந்த சார் நான்தான் என்று நானும் சொல்லவில்லை. பீஸ் கட்டை மூன்றையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு போங்கள் என்று மட்டும் கெஞ்சினேன். என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டோ என்னவோ, பிடுங்கிக்கொண்டு போனார்.

பள்ளிக்கூடத்துக்கு ஒரு மணி நேரம் தாமதம். சட்டை நனைந்திருந்தது. திரையில் வழக்கம்போல அரசியின் படம். அதில் தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும், ஏணி மேல் கலியபெருமாள். இத்தனை வருஷமாக அதை நான் யாருக்கும் காட்டியதில்லை. அன்றைக்கு ஒரு ஸ்கேலை வாங்கிக் காட்டினேன். வெறும் கைப்பிடியைக் காட்டி, இதில் ஒரு துண்டு இருந்தது, எடுத்தது நான், காற்று இல்லை என்றேன். அவருக்கு ஒன்றும் ஆகாது, நான் பொறுப்பு என்று அவர் வீட்டிலேயே உட்கார்ந்து சொன்னதையும் சொன்னேன். தொழில் படியுங்கள், கட்டாயம் படியுங்கள், ஆனால் பாதி படித்துவிட்டுக் கம்பியைத் தொடாதீர்கள், என்னை மாதிரி எதுவும் தெரியாதவனைப் பக்கத்தில் நிற்கவும் விடாதீர்கள் என்று சொல்லி முடித்தேன். யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் ஒரு பெண் மட்டும் எழுந்து, "அந்தத் துண்டு என்ன கலர் சார்?" என்று கேட்டாள்.

வெள்ளையில் பச்சைக் கரை என்றேன். எதற்குக் கேட்டாள் என்று தெரியவில்லை. அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

கலியபெருமாள் மூன்று வருஷத்துக்கு முன்னால் காலமாகிவிட்டார், படுக்கையில், வயதாகித்தான். அன்றைக்கு நடந்தது கடைசிவரை அவருக்குத் தெரியாது. அந்தப் பச்சைக் கரையைப் பார்த்ததும் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடக்கூடியவர்களில் கோவிந்தராசுவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

திரும்பி வரும்போது மழை விட்டிருந்தது. வழியில் மூன்று டிரான்ஸ்பார்மர்கள். மூன்று கைப்பிடிகளிலும் பூட்டும் இல்லை, துண்டும் இல்லை. மூன்றாவது கைப்பிடி கீழே இறங்கியிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு, அதன் பக்கத்தில் போய் நின்றேன்.